இரத்தம் போனதும் மூலம் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்

கேள்வி: எனக்கு 44 வயது. கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டுகிறேன். மூன்று மாதமாக வெளிக்குப் போகும்போது இரத்தம் சொட்டுகிறது. நோவு இல்லை. முக்கினால் சதை வெளியே வரும், விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும். பார்மசியில் வாங்கிய ஒயின்மென்டை இரண்டு மாதமாகப் பூசியும் நிற்கவில்லை. ஒப்பரேஷன் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் வைத்தியசாலைக்குப் போகவில்லை. இறால், நண்டு சூடு, அதை விடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், கல்முனை

பதில்: முதலில் அந்த ஒயின்மென்டை நிறுத்துங்கள். மூலத்துக்கு விற்கும் பல ஒயின்மென்டுகளில் மரக்கச் செய்யும் மருந்தோடு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொய்டும் கலந்திருக்கும். அதை ஒரு வாரத்துக்கு மேல் பூசினால் ஆசனவாய்த் தோல் மெலிந்து, கடியும் எரிவும் புதிதாகத் தொடங்கலாம். வெளித்தோலின் கடிக்கும் நோவுக்கும்தான் அது உதவும். உங்களுக்கு இரத்தம் வருவது உள்ளே இருந்து. அங்கே நோவை உணரும் நரம்பு இல்லாததால்தான் இத்தனை நாளும் நோவில்லாமல் இரத்தம் போயிருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பது உள்மூலத்தின் மூன்றாம் நிலைபோலத் தெரிகிறது. வெளியே வராமல் இரத்தம் மட்டும் போனால் முதல் நிலை. வந்து தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்று. தள்ளியும் போகாவிட்டால் நான்கு. ஆனால் கடிதத்தை வைத்து மூலம்தான் என்று உறுதி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மலக்குடல் புற்றுநோயும் நோவில்லாமல் இப்படியே இரத்தம் காட்டும். மூலம் என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு வருபவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். மலம் போகும் பழக்கம் மாறியிருந்தால், உடம்பு மெலிந்திருந்தால், இரத்தம் கருஞ்சிவப்பாக மலத்தோடு கலந்து வந்தால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தால் கமராக் குழாய்ப் பரிசோதனை அவசியம். அவை எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் வயதில் அது வேண்டுமா என்று கேளுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, உங்கள் ஊரிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று எங்கேனும் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போகலாம். காசு செலவில்லை. விரலாலும் சிறு குழாயாலும் பார்ப்பது சில நிமிட வேலை. மூன்று மாதமாக இரத்தம் போனதால் ஹீமோகுளோபினையும் பாருங்கள். ஆணுக்கு 13-க்குக் கீழே என்றால் இரத்தசோகை. இரும்புக் குளிசை தந்தால் மலம் கறுக்கும், இறுகவும் செய்யும். அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அஸ்பிரின், வாபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை எடுப்பவரானால் அதை மறைக்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒப்பரேஷன் பயத்துக்கு வருவோம். மூன்றாம் நிலையிலும் பலருக்கு றப்பர் வளையம் போடுவதே போதும். மூலத்தின் அடியில் சிறு வளையத்தை மாட்டினால் இரத்த ஓட்டம் நின்று, 5 முதல் 10 நாளில் சதை தானாக விழும். மயக்க மருந்து தேவையில்லை. ஓரிரு நாள் மலம் முட்டுவதுபோல் பாரமாக இருக்கும். போட்ட உடனே கூர்மையாக நொந்தால் வளையம் கீழே, நரம்புள்ள இடத்தில் விழுந்திருக்கிறது; அப்போதே சொன்னால் கழற்றிவிடுவார்கள். சதை விழும் நாட்களில் கொஞ்சம் இரத்தம் வரலாம் என்பதால் பத்து நாளைக்கு நீண்ட பஸ் ஓட்டம் வேண்டாம். காய்ச்சல், நோவு கூடுதல், சலம் போக முடியாமை என்றால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

வளையம் போட்டாலும், மலம் இறுகி முக்குவது நிற்காவிட்டால் மூலம் திரும்பி வரும். உங்களுக்கு இது தொழிலோடு வந்த சிக்கலாக இருக்கலாம். பஸ்ஸில் வெளிக்கு முட்டும்போது அடக்குவீர்கள். சலத்துக்கு நிறுத்த வேண்டி வருமென்று தண்ணீரையும் குறைப்பீர்கள். அடக்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்ச, அது கல்லாகிறது. கொழும்பில் இறங்கியதும் தேத்தண்ணியும் ஏதாவது சாப்பாடும் எடுத்து இருபது, முப்பது நிமிடத்தில் போய்ப் பாருங்கள். சாப்பிட்டதும் குடல் அசையும் நேரம் அது. ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து விடுங்கள். போனைக் கொண்டு போகாதீர்கள். கொமட் என்றால் காலுக்கடியில் அரையடி உயரப் பலகை வைத்து, முன்னால் குனிந்து இருங்கள்.

பார்மசியில் மலத்தை இளக்கும் நாரான இசப்கோல் உமி வாங்குங்கள். இரவில் ஒரு தேக்கரண்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்கி, தடிக்குமுன் குடித்து, மேலே இன்னொரு கிளாஸ் தண்ணீர். நான்கைந்து நாள் கழித்து இரண்டு தேக்கரண்டி. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். வேறு குளிசைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நம் வெயிலுக்கு நாளுக்கு இரண்டு, இரண்டரை லீட்டர் தண்ணீராவது வேண்டும்.

இறாலும் நண்டும் மூலத்தை உண்டாக்குவதில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். குறை வேறிடத்தில்: வழிக்கடைக் கொத்து ரொட்டியிலும் பாணிலும் நார் மிகக் குறைவு. தவிட்டோடு சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, அவித்த கௌப்பி அல்லது கடலை, வல்லாரை, முருங்கையிலை, கொய்யா, பப்பாசி என்று மாற்றுங்கள். உறைப்பு மூலத்தைக் கொண்டுவராது. எரிந்தால் மட்டும் குறையுங்கள்.

வீங்கி நோகும் நாட்களில், முழங்கை தாங்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பேசினில் விட்டு 10, 15 நிமிடம் குந்தியிருங்கள், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. உப்போ கிருமிநாசினியோ வேண்டாம், தோலைச் சுடும். திடீரென்று விளிம்பில் நீலக் கட்டி வந்து தாங்காமல் நொந்தால் அது உறைந்த இரத்தம்; மூன்று நாளுக்குள் போனால் வெட்டியெடுத்து நோவைக் குறைக்கலாம். வெளியே வந்த சதை உள்ளே போகாமல் கறுத்தாலோ, இரத்தம் நிற்காமல் போய்த் தலை சுற்றினாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றிரவே போங்கள்.

மருந்து வைத்து மூலத்தை விழுத்தித் தருவோம் என்று போஸ்டர் ஒட்டுபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பெயர் சொல்லாத கார மருந்தால் சதையோடு நல்ல தோலும் வெந்து, தழும்பாகி, துவாரமே சுருங்கிவிடும். அதைத் திருத்துவதற்கு நீங்கள் பயப்படும் ஒப்பரேஷனை விடப் பெரியது வேண்டிவரும்.