அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஃபைட் சாங்’ பாட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

‘ஃபைட் சாங்’ என்பது தங்கள் அணியை உற்சாகப்படுத்த மாணவர்களும் ரசிகர்களும் பாடும் பாட்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் ‘த விக்டர்ஸ்’ (வெற்றி வீரர்கள்) பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடிவிடுவேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன்.

1898 நவம்பர் 24 அன்று சிகாகோவில் நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் அணி சிகாகோ பல்கலைக்கழகத்தை 12–11 என்று வென்றது. ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் ‘வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்’ என்ற மேற்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பின் பட்டம் அதில்தான் கிடைத்தது. லூயி எல்பல் என்ற மிச்சிகன் இசை மாணவர் ஆட்டம் பார்க்கப் போயிருந்தார். வெற்றிக்களிப்பில் தம் பக்கத்தார் பாடியது ஊரெல்லாம் பாடித் தேய்ந்த ஒரு கேளிக்கைப் பாட்டு. இந்த வெற்றிக்கு இதுவா பாட்டு என்று அவருக்குப் பொறுக்கவில்லை. ஊர் திரும்பும் ரயிலிலேயே புதிய மெட்டு ஒன்றை உருவாக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த ஆண்டு புகழ்பெற்ற ஜான் ஃபிலிப் சூசாவின் வாத்தியக் குழுவே ஆன் ஆர்பரில் அதை வாசித்தது. (ஜார்ஜ் ரோசன்பெர்க் என்ற இசையமைப்பாளர் அதற்குச் சற்று முன் வெளியிட்ட ‘த ஸ்பிரிட் ஆஃப் லிபர்ட்டி’யைக் கேட்டுப் பாருங்கள். பல்லவி எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் உங்களுக்கும் வரும்.)

வரிகள் என்னவோ சுமார்தான். நம் ஊர்வலங்களின் ‘வாழ்க’ போல ‘ஹெயில்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் லட்சம் பேர் முஷ்டியை உயர்த்துவார்கள். எனக்குப் பிடித்தது பல்லவியின் கடைசி வரி: மிச்சிகனை ‘மேற்கின் வாகையர்’ என்கிறது. வரைபடத்தில் மிச்சிகன் எங்கே, மேற்கு எங்கே என்று முதலில் சிரித்தேன். கிழக்குக் கரையின் யேலும் ஹார்வர்டும் கால்பந்தை ஆண்ட அந்தக் காலத்தில், அவற்றுக்கு இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் மேற்குதான்.

மிச்சிகன் அந்த ‘வெஸ்டர்ன்’ கூட்டமைப்பை விட்டு விலகியிருந்தபோது அந்த வரி பொருந்தாமல் போயிற்று. கூச்சப்பட்டோ என்னவோ, 1911-இல் ‘வர்சிட்டி’ என்று வேறொரு பாட்டே எழுதினார்கள். 1917-இல் திரும்பி வந்ததும் பழைய பாட்டு மறுபடி அரியணை ஏறியது. அன்று தோற்ற சிகாகோவோ 1939-இல் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு புள்ளி இன்றும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடப்படுகிறது.

நான் நேரில் பார்த்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ‘வெற்றி வீரர்கள்’ என்று பாடினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார். மவுசு ஏன் என்ற கேள்விக்கு எனக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜெரால்ட் ஃபோர்டு இளமையில் மிச்சிகன் அணியில் ஆடியவர். பதவியில் இருந்தபோது, தலைவருக்குரிய வழக்கமான வரவேற்பிசைக்குப் பதில் சில வேளைகளில் இந்தப் பாட்டை வாசிக்கச் செய்வாராம். 2007 ஜனவரி 2 அன்று அவரது உடலைச் சுமந்த விமானம் மிச்சிகன் மைதானத்தின் மேலாகப் பறந்து அவர் வளர்ந்த ஊரான கிராண்ட் ராப்பிட்ஸ் வந்து இறங்கியது. முந்தைய நாள்தான் ‘ரோஸ் பௌல்’ என்ற புகழ்பெற்ற புத்தாண்டுக் கால்பந்து ஆட்டத்தில் மிச்சிகன் 32–18 என்று தோற்றிருந்தது. விமான நிலையத்தில் காத்திருந்த பல்கலைக்கழக வாத்தியக் குழு வாசித்தது ‘த விக்டர்ஸ்’.