ரோஜாவுக்குக் காயா?

கேள்வி: இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டன் குழந்தைகள் ரோஜாக்காய் பறித்துக் காசு சம்பாதித்தார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஜெர்மன் நீர்மூழ்கிகளின் கைவரிசையால் ஆரஞ்சு வரத்து குறைந்துபோக, குழந்தைகளுக்கு வைட்டமின் சி-க்கு எங்கே போவது என்று திண்டாடிய அரசு, 1941-இல் வேலியோரக் காட்டு ரோஜாவைப் பிடித்தது. பூ உதிர்ந்தபின் செக்கச்செவேலென்று நிற்குமே, அந்தக் காய். எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்செல்லாம் கிட்டவே வராது. பிள்ளைகள் கூடை கூடையாகப் பறித்துவர, ராத்தலுக்கு (கிட்டத்தட்ட அரைக் கிலோ) சில பென்னி, அதாவது சில்லறைக் காசு, கூலி. அப்புறம் அதிலிருந்து சிரப் செய்வார்கள். அப்படியே கடித்துத் தின்ன முடியாது, உள்ளே விதையைச் சுற்றி நுண்ணிய முடி, தொண்டையில் நமநமவென்று அரிக்கும் (போக்கிரிப் பையன்கள் அதை அடுத்தவன் சட்டைக்குள் போடுவதும் உண்டு!). அதனால் அரைத்துக் கொதிநீரில் போட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டுவார்கள், அதிகம் காய்ச்சினால் வைட்டமின் போய்விடுமே என்று அவசரம் அவசரமாக.