நகையை அடகு வைக்கும் முன்பு

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு குடும்பம் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு இராமநாதபுரத்தில் இருக்கும் என் அறைக்கு வந்தது. அப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அம்மா கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மார்க் ஷீட்டும், சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி கொடுத்த கட்டண விவரமும் இருந்தன. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேர்த்துடுங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். இந்த வாரம் பணம் கட்டாவிட்டால் சீட்டு போய்விடும் என்று கல்லூரியிலிருந்து தினமும் போன். அம்மாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

"பயப்படாதீங்கக்கா" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். கட்டண விவரத்தைப் படித்த பிறகு அப்படிப் பேச மனம் வரவில்லை. அக்காவிடம் அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

படிப்புக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2,70,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 10,80,000. வீட்டு நகையை வைத்துத்தான் கட்டப்போகிறீர்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் வருடம் மாதம் 2,700, இரண்டாம் வருடம் 5,400, மூன்றாம் வருடம் 8,100. அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். அதற்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். மூன்றாம் வருடம் அந்தப் பணம் ஒரு மாத வட்டிக்கே போதாது. சித்தப்பா இதில் எவ்வளவு தருகிறார் என்று கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பணம் போடாதவர் சொல்லுக்காக வீட்டைக் கடனில் இறக்காதீர்கள். சொந்தம் கோபித்துக்கொண்டால் நாலு மாதத்தில் சரியாகிவிடும், கடன் அப்படி இல்லை.

சரி, பையன் என்ன சொல்கிறான்? கம்ப்யூட்டர் பற்றி மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் "தெரியல சார்". அப்போது கரண்ட் போனது. பக்கத்துக் கடையின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, விக்கி விக்கி நின்றுவிட்டது. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "டீசல் லைன்ல காத்து ஏறியிருக்கு சார்." கீழே போனான். ஒரு ஸ்பேனர் வாங்கி ஃபில்டர் மேல் இருக்கும் சின்ன திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தான். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி, அப்புறம் சுத்தமான டீசல். திருகை இறுக்கினான். இஞ்சின் சீராக ஓடியது. மேலே வந்தவன் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு தெளிவு. அப்பாவின் படகில் இரண்டு தடைக்காலமாக மெக்கானிக்குக்குக் கையாளாக நின்றிருக்கிறானாம். இதை வீட்டில் யாரும் ஒரு படிப்பாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் உங்களுக்கே தெரியும். இந்தக் கடற்கரையில் அதிகம் பேர் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சிஃப்நெட் என்று மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1963-ல் கொச்சியில் தொடங்கியது. சென்னை இராயபுரத்திலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. அங்கே பத்தாம் வகுப்புத் தகுதியில் இரண்டு வருடப் படிப்புகள் இரண்டு. ஒன்று, கப்பலை வழிநடத்தும் வெசல் நேவிகேட்டர். இன்னொன்று, இஞ்சின் பக்கம், மரைன் ஃபிட்டர். கணிதம், அறிவியல் இரண்டிலும் தனித்தனியாக 40 விழுக்காடு வேண்டும். வயது 16 முதல் 20 வரை, பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தளர்வு உண்டு. நுழைவுத் தேர்வு இருக்கிறது. உடல்தகுதியும் பார்ப்பார்கள். படிக்கும்போது மாதா மாதம் உதவித்தொகை வரும். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஃபிட்டர் படிப்பில் அரம் பிடிப்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். லேத், வெல்டிங், அப்புறம் கடல் டீசல் இஞ்சினைக் கழற்றி அளந்து மாட்டுவது. முடித்தால் தேசியத் தொழிற்சான்று. அதோடு நிற்காது. குறிப்பிட்ட காலம் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தால், கப்பல் துறையின் தேர்வு எழுதி மீன்பிடிக் கலத்தின் இஞ்சின் டிரைவர், பிறகு இஞ்சினியர் என்று தகுதிச் சான்று வாங்கலாம். 2017-ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகு தரும் திட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஒரு படகு 80 லட்சம், மானியம் 56 லட்சம். அப்படிப் பல நாள் கடலில் தங்கும் படகில் இஞ்சின் நின்றால் மண்டபம் ஊரிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. உள்ளேயே தெரிந்த ஆள் இருக்க வேண்டும்.

"மறுபடியும் கடலாய்யா?" என்று அக்கா அழுதுவிட்டார். அவர் தம்பி எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. சான்று வாங்கும்வரை கடல் வேலை உண்டுதான், மறைக்க மாட்டேன். ஆனால் கச்சத்தீவுப் பக்கம் ராத்திரி வலை இழுக்கப் போவது வேறு, அரசு மீன்வள அளவைக் கப்பலில் இஞ்சின் அறையில் நிற்பது வேறு. அதற்குப் பிறகு கப்பல் கட்டும் தளம், பட்டறை என்று கரையிலேயே வேலை இருக்கிறது.

தம்பி, இனி உனக்கு. இராமேசுவரத்தில் ரயில் ஏறினால் காலையில் சென்னை, தூரம் ஒன்றும் பெரிதல்ல. முதல் மூன்று மாதம் மட்டும் ஊருக்கு ஓடி வராதே, மூன்றாவது வாரம் வரும் ஏக்கம் தானே அடங்கும். வெளிமாநிலப் பிள்ளைகளோடு தங்கி இந்தியும் ஆங்கிலமும் பழகிக்கொள். வேலைக்குப் போனபின் எந்தக் கப்பலை விட்டு இறங்கினாலும் ஏறிய தேதி, இறங்கிய தேதி, இஞ்சின் சக்தி எழுதிக் கையெழுத்திட்ட கடல்பணிச் சான்றை வாங்காமல் கீழே காலை வைக்காதே. அது இல்லாவிட்டால் பார்த்த வேலை தேர்வில் கணக்குக்கு வராது. அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ஏஜென்ட் கையில் விட்டுவைக்காதே.

ஐந்தாறு வருடம் கழித்துச் சொந்தப் பட்டறை போட ஆசை என்றாய். போடலாம். மீன்பிடிக்கிறவருக்குப் பட்டினிக் காலமான அந்த 61 நாள்தான் மெக்கானிக்குக்கு அறுவடை. அத்தனை படகும் கரையேறி நிற்கும், அத்தனை பேருக்கும் ஜூன் 14-க்குள் வேலை முடிய வேண்டும். ஏப்ரலுக்கு முன்பே நாசில், ஃபில்டர், ஹெட் கேஸ்கட் வாங்கி வைத்திரு. பாதிப் பணம் முன்னாடியே வாங்கிவிடு. "சீசன் திறந்ததும் தர்றேன்" என்ற வாய்ச்சொல்லுக்கு இஞ்சினைக் கழற்றாதே, மாமாவாக இருந்தாலும் சரி.

ஒன்று மட்டும், அக்கா. சித்தப்பா திணித்தார் என்று வருத்தப்பட்டுவிட்டு நான் சொன்னதை நீங்கள் திணிக்கக் கூடாது. இராயபுரத்துக்கு அவனை ஒருமுறை கூட்டிப்போய் வெளியிலிருந்தாவது இடத்தைக் காட்டுங்கள். அங்கே படிக்கும் பையன்களிடம் அவனே பேசட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். வேண்டாம் என்றால் வேறு பார்ப்போம்.

வேண்டும் என்றால், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து இன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்கள். அறிவியலில் அவன் பலம்தான், கணக்கில் 43 தான் எடுத்திருக்கிறான். நுழைவுத் தேர்வில் அங்கேதான் சறுக்குவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சும்மாதான் இருப்பேன், நோட்டோடு அனுப்பிவையுங்கள்.