இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் காட்டவில்லை, ஃபார்மட் செய்துவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவதாக மாட்டிய ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை, ஃபார்மட் செய்தால் (அதாவது டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக்கினால்) வந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க் புதியதா பழையதா என்று எழுதவில்லை. வெற்று டிஸ்க்காக இருந்தால் நீங்கள் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டீர்கள். ஆகவே உள்ளே இழக்கக்கூடாத ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. ஆனால் இந்த ஒரு பழுதுக்காக நான் கொடுத்த விலை பெரியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் அப்பா கணக்கு ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகு பார்வை மங்கிவிட்டது. எழுதிக் காட்ட முடியாததால், பேத்திக்காகக் கணக்குப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தார். இரண்டு ஆண்டுகளில் 212 பதிவுகள். ஒவ்வொன்றும் "பென்சில் கையில் இருக்கிறதா?" என்ற கேள்வியோடுதான் தொடங்கும். கேட்டுவிட்டு, அவள் பென்சிலைத் தேடி எடுத்து வரும் அளவுக்கு நேரம் விட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பார். அவை எல்லாம் என் கம்ப்யூட்டரின் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. 4 டெராபைட் டிஸ்க்.

வேறு நகல் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பதிவுகள் முதலில் அப்பாவின் போனில் இருந்தன. போனில் இடம் நிறைந்ததும் டிஸ்க்குக்கு மாற்றினேன். இன்னொரு நகல் எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அப்பா போய்விட்டார். அந்த மாதங்களில் நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதே என்று ஒரு நாள் எம்.2 வகை எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சிறு சேமிப்புப் பட்டை) ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் நானே பொருத்தினேன். விண்டோஸ் பறந்தது. மறுநாள் பாட்டு ஒன்றைத் தேடியபோதுதான் இரண்டாவது டிஸ்க்கைக் காணவில்லை என்று தெரிந்தது. விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதன் பெயர் இல்லை. பெட்டியைத் திறந்து டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். மெல்லிய அதிர்வு இருந்தது, சுழன்றுகொண்டுதான் இருந்தது. டேட்டா கேபிளைக் கழற்றி வேறு கேபிள் போட்டேன். பலன் இல்லை. ஐந்தாம் எண் போர்ட்டிலிருந்து எடுத்து ஆறாம் எண் போர்ட்டில் செருகினேன். அப்போதும் இல்லை. மற்ற நான்கு போர்ட்டுகள் கிராபிக்ஸ் கார்டின் அடியில் மறைந்திருந்தன. கை நுழையவில்லை, விட்டுவிட்டேன். இரண்டு போர்ட், இரண்டு கேபிள் பார்த்தாகிவிட்டது, டிஸ்க்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு தவறு. டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும், ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே வழித்தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2 இடத்தில் ஒன்றைப் பொருத்தினால் அந்தச் சாட்டா போர்ட்டுகள் தாமாக அணைந்துவிடும். எந்த எம்.2 இடம் எந்தப் போர்ட்டை அணைக்கும் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். சிலவற்றில் சாட்டா வகை எம்.2 போட்டால் மட்டும் அணையும், சிலவற்றில் அதைவிட வேகமான என்விஎம்இ வகை போட்டாலும் அணையும். என்னுடையதில் 5, 6 இரண்டும் அணைந்தன. நான் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்த இரண்டுமே அணைந்த போர்ட்டுகள். இந்தத் தகவல் கையேட்டில் ஓர் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அந்தக் கையேட்டைப் பெட்டியோடு அச்சிட்டுத் தரவில்லை, இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் எத்தனை பேர் எடுத்துப் படிப்பார்கள்?

ஆகவே உங்களுக்கு முதல் கேள்வி: டிஸ்க் காணாமல் போவதற்குச் சற்று முன்பு பெட்டிக்குள் புதிதாக எதையாவது பொருத்தினீர்களா? பொருத்தியிருந்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படும் முன்பு கையேட்டைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, முதல் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

நான் அதைச் செய்யவில்லை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கணவரும் உடன் வந்தார். இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. டிஸ்க்கைப் பொருத்தியவள் நான். கேபிள் மாற்றியவள் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவளும் நான். கவுண்டரில் இருந்தவர் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "உள்ளே என் அப்பாவின் குரல் இருக்கிறது, எதையும் அழித்துவிடாதீர்கள்" என்று நான் சொன்னபோது, "பார்த்துக்கொள்கிறோம் சார்" என்றார். படிவத்தில் என் போன் எண்ணை எழுதினேன். "சார் நம்பரும் கொடுங்கள்" என்று வாங்கி, அதற்கு மேலே எழுதிக்கொண்டார். அந்தப் படிவத்தில் "தரவு வேண்டும்" என்று ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. மறுநாள் என் கணவருக்குத்தான் அழைப்பு வந்தது. "டிஸ்க் சரியாகிவிட்டது சார், ஃபார்மட் செய்து டெஸ்ட் செய்துவிட்டோம்."

எல்லா டெக்னீஷியன்களையும் நான் குறை சொல்லவில்லை. கண்ணும் கருத்துமாக வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும், இன்று என் கம்ப்யூட்டரைப் பார்ப்பவரும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் சொன்னவள் ஒருத்தி இருக்க, பதிலை வேறொருவருக்குச் சொல்லும் இடத்தில் சொன்ன சொல் தொலைந்துபோகும். என் விஷயத்தில் அதுதான் தொலைந்தது.

நல்ல டிஸ்க் அங்கே மட்டும் ஏன் ஃபார்மட் கேட்டது? இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர்கள் டிஸ்க்கை நேராகச் சாட்டாவில் இணைக்கவில்லை, யுஎஸ்பி டாக் (டிஸ்க்கைச் செருகி யுஎஸ்பி வழியாக இணைக்கும் தாங்கி) ஒன்றில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். பெரிய டிஸ்க்குகளைக் கையாளும் சில டாக்குகளும் வெளிப்பெட்டிகளும், 512 பைட் செக்டராக (செக்டர் என்பது தரவு எழுதப்படும் சிறு கட்டம்) இருப்பதை 4096 பைட் செக்டராக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் காட்டும். டிஸ்க்கில் எது எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை செக்டர் எண்ணை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. செக்டரின் அளவு மாறினால், அந்த எண்ணை வைத்து விண்டோஸ் தவறான இடத்தில் போய்த் தேடும். அங்கே எதுவும் இருக்காது. உடனே டிஸ்க்கை இனிஷியலைஸ் செய் (புது டிஸ்க் போலத் தயார் செய்) என்றோ ஃபார்மட் செய் என்றோ திரையில் கேட்கும். தரவு அப்படியே பத்திரமாக இருக்கும்போதே இப்படிக் கேட்கும்.

இதைப் பலர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் சந்திக்கிறார்கள். வெளிப்பெட்டியில் ஒழுங்காக வேலை செய்த டிஸ்க்கைப் பிரித்தெடுத்துக் கம்ப்யூட்டருக்குள் இரண்டாவது டிஸ்க்காக மாட்டுவார்கள். அது காலி டிஸ்க் போலத் தெரியும். நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள் என்றால், பழைய பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துப் பாருங்கள். கோப்புகள் அங்கேயே இருக்கக்கூடும். வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அதன் பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.

சரி, வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க் சுழல்கிறதா என்று முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். சுழலவே இல்லை என்றால் மின்சாரம் போகாமல் இருக்கலாம். பவர் கேபிளை மாற்றுங்கள். மாற்றும்போது ஓர் எச்சரிக்கை: பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டும் வகைக் கேபிள்கள் ஒரு தயாரிப்பில் இருப்பது மற்றொன்றுக்குப் பொருந்தாது. முனை அழகாக உள்ளே போகும், ஆனால் உள் இணைப்பு வேறாக இருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க்கின் சர்க்யூட் அந்த நொடியே கருகிவிடும். அந்த பவர் சப்ளையோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் சுழலாத டிஸ்க்கும் உண்டு. நானே பார்த்தேன். மீட்பு வேலைக்காக 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை வெளிப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியபோது அது உயிரற்றுக் கிடந்தது. 2016இல் வந்த சாட்டா 3.3 விதிப்படி, பவர் இணைப்பின் மூன்றாவது முள் டிஸ்க்கை அணைத்துவைக்கும் சைகைக்கு ஒதுக்கப்பட்டது. பழைய பவர் சப்ளைகள் அந்த முள்ளில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் அதை "அணைந்திரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். வெப்பம் தாங்கும் மஞ்சள் நிறக் காப்டன் டேப்பை அரிசி அகலத்துக்கு வெட்டி, டிஸ்க்கின் அந்த முள்ளை மூடினேன். சாமணத்தால் ஒட்ட வேண்டியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் டிஸ்க் மெல்ல முனகிக்கொண்டு எழுந்தது. இந்த முறை எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தாது, உங்கள் டிஸ்க்குக்கு அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்த பிறகு செய்யுங்கள்.

சுழல்கிறது, ஆனால் டக் டக் என்று ஒரே சீராகத் தட்டுகிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே படிக்கும் தலை பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதும் தட்டைக் கீறக்கூடும். அது தரவு மீட்பு நிபுணர்களின் வேலை. ஃபிரீசரில் வைத்து எடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சத்தம் இயல்பாக இருந்து பயாஸில் மட்டும் தெரியவில்லை என்றால் கேபிள், போர்ட், பயாஸில் அந்தப் போர்ட் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறதா, நான் மேலே சொன்ன எம்.2 விவகாரம், இவற்றைப் பாருங்கள். மிகப் பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்று குறிக்கும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரையும் பாருங்கள்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் ஓர் எழுத்தைக் கொடுங்கள், முடிந்தது. ஆஃப்லைன் என்றிருந்தால் வலது கிளிக்கில் ஆன்லைன் ஆக்கலாம். ஒரு டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினால் இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாகிவிடும். அப்போது விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவைக்கும். இவை எவற்றிலும் தரவுக்கு ஆபத்தில்லை.

நாட் இனிஷியலைஸ்டு, அன்அலொகேட்டட், ரா (டிஸ்க்கில் இருப்பதை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று பொருள்) என்று வந்தால்தான் நிற்க வேண்டும். புது டிஸ்க் என்றால் இனிஷியலைஸ் செய்யலாம். 2 டெராபைட்டுக்கு மேற்பட்டது என்றால் டிஸ்க்கின் அட்டவணைக்கு ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுங்கள், எம்பிஆர் முறை அதற்கு மேல் எட்டாது. பழைய டிஸ்க் என்றால் எதையும் அழுத்தாதீர்கள். முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலில் மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) மட்டும் தேட டெஸ்ட்டிஸ்க், கோப்புகளைத் தோண்டி எடுக்க ஃபோட்டோரெக். இரண்டும் இலவசம்.

நான் அதைத்தான் செய்தேன். நகலெடுக்க ஒன்பது மணி நேரம் ஆனது. சர்வீஸ் சென்டரில் "டெஸ்ட்" என்ற பெயரில் பெரிய கோப்புகளை எழுதிப் பார்த்திருந்தார்கள். அவை விழுந்த இடங்களில் இருந்தவை போயே போய்விட்டன. 212இல் 171 திரும்பி வந்தன. ஆனால் ஃபோட்டோரெக் பழைய பெயர்களைத் தராது. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் நீளமான ஓர் எண்ணும்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர். எது பின்னம், எது வட்டி, எது பரப்பளவு என்று திறந்து கேட்டால்தான் தெரியும். பள்ளி விட்டு வந்ததும் மகளும் நானும் நாளுக்கு இரண்டு கேட்கிறோம். "பென்சில் கையில் இருக்கிறதா?" என்று கேட்டதும் அவள் நிஜமாகவே பென்சிலை எடுத்துக்கொள்கிறாள். பாடம் முடிந்ததும் அவளே பெயர் தட்டச்சு செய்கிறாள். இதுவரை 64 ஆகியிருக்கிறது.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இதில் சிறு பிழைகள் கண்டால் தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் "ஃபார்மட் செய்து பாருங்கள், போனால் போகட்டும்" என்று மட்டும் இவருக்குச் சொல்லாதீர்கள்.

கேட்டவருக்கு: இன்றிரவு பயாஸில் அந்த டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். மதர்போர்டின் மாடல் எண்ணையும், கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதன் கையேட்டை நானே எடுத்து அந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன்.