பல்பை விடுங்க, எர்த்தைப் பாருங்க

வண்டி வயரிங் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நம் மேஸ்திரி பதில் சொல்கிறார்.

கேள்வி: பெங்களூரில் ஒரு பழைய சான் ஸ்டார்ம் கார் வாங்கினேன். ராத்திரியில் பார்க் லைட் போட்டுக்கொண்டு பிரேக் மிதித்தால், இடது பக்க டெயில் லேம்ப் பிரகாசமாவதற்குப் பதில் மங்குகிறது. அதே பக்கத்து இண்டிகேட்டர் லேசாக எரிகிறது. இரண்டு கடையில் காட்டிவிட்டேன். பல்பு மாற்றினார்கள், ஹோல்டரும் மாற்றினார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்இடி போட்டுவிடலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: போடலாம் தம்பி. ஆனா இப்பவே போட்டா எல்இடியும் இதே கூத்தைத்தான் ஆடும். உங்க வண்டியில பல்பு, ஹோல்டர் எதுக்கும் கேடு இல்லை. இடது பக்கத்து எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி, போயிருக்கு.

ஸ்டார்ம் கோவாவுல செஞ்ச ரெண்டு சீட்டு வண்டி. ரெனோவோட 1149 சிசி இன்ஜின், பாடி ஃபைபர். அம்பாசடரும் மாருதியும் பார்த்துப் பழகின ஆளு இந்த இடத்துலதான் ஏமாறுவார். தகரப் பாடியில பாடியே மைனஸ், ஹோல்டரை முடுக்கினாலே பாதி எர்த் கிடைச்சிடும். ஃபைபர்ல கரண்ட் போகாது. ஒவ்வொரு லேம்புக்கும் மைனஸ் வயர்லதான் வந்தாகணும். அந்த ஒரு கறுப்பு வயர்தான் டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூணுக்கும் பொதுவா இருக்கும். அதோட முனையில களிம்பு பிடிச்சுட்டா மூணுக்கும் வெளியே போற வழி அடைஞ்சிடும்.

வழி அடைஞ்ச கரண்ட் சும்மா நிக்காது, பல்புக்குள்ள இருக்குற அடுத்த இழை (ஃபிலமென்ட்) வழியா வெளியேறப் பார்க்கும். பார்க் லைட் மட்டும் போட்டா, டெயில் இழைக்குள்ள போன கரண்ட் பிரேக் இழை வழியா பின்னோக்கிப் போய், வலது பக்கத்து பிரேக் பல்பு மூலமா எர்த்தைப் பிடிக்கும். அதனாலதான் சுமாரா எரியுது. பிரேக்கை மிதிச்சதும் அந்த வயர்லயும் 12 வோல்ட் வந்துடுது. டெயில் இழைக்கு ரெண்டு பக்கமும் பிளஸ் ஆனா எப்படி எரியும்? மங்கும். மிச்சம் இருக்குற ஒரே வழி இண்டிகேட்டர் இழை. அது வழியா முன்பக்க இண்டிகேட்டருக்குப் போய் எர்த் ஆகுது. நீங்க பார்த்த லேசான வெளிச்சம் அதுதான்.

சந்தேகம் இருந்தா மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. கறுப்பு முனை பேட்டரி மைனஸ்லயே இருக்கணும், பக்கத்துல ஏதோ ஒரு போல்ட்ல இல்லை. சிவப்பு முனையை ஹோல்டரோட உலோக ஓட்டுல வைங்க. லைட்டைப் போட்டு, ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. நல்ல எர்த்தா இருந்தா மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே நான் வயரைப் பிரிச்சுடுவேன். உங்க வண்டியில பல வோல்ட் காட்டும். மீட்டர் இல்லையா, பேட்டரி மைனஸ்ல இருந்து ஒரு நீள வயரை இழுத்து அந்த ஓட்டுல தொடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சா கதை முடிஞ்சுது.

சரி பண்றப்போ பழைய வயரோட முறுக்கி டேப் சுத்துறவங்ககிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க. நம்ம ஊரு வெயில்ல டேப் பிசின் ஒழுகி, குவாரிப் புழுதி அதுல ஒட்டி, அடுத்த மழைக்குள்ள மறுபடி களிம்புதான். ரெண்டு லேம்புக்கும் தனித்தனியா 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர் புதுசா இழுங்க. பேட்டரி மைனஸ் கேபிள் வந்து சேருற போல்ட்டுக்கே கொண்டுபோங்க. உப்புத்தாளால பளபளன்னு தேய்ச்சு, ரிங் டெர்மினல், ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, அதுக்கப்புறம் மேலே வாஸ்லின் தடவுங்க. வாஸ்லினை முதல்ல தடவிட்டு முடுக்குறது தலைகீழ் வேலை. எல்லாம் சேர்த்து அரை நாள் ஆகும்.

இனி எல்இடி. எனக்கு அதுல விரோதம் இல்லை. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 நொடி எடுக்கும், எல்இடி உடனே எரியும். 80 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடி வர்றவனுக்கு அதுவே 4 மீட்டருக்கு மேல லாபம். சூளகிரி பக்கம் லாரிக்கு முன்னாடி இவ்வளவு தாழ்வான வண்டியில போறவருக்கு அந்த 4 மீட்டர் பெரிசு. ஆனா பார்த்து வாங்கணும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி சிவப்பு எல்இடிதான், வெள்ளை போட்டா ரோஸ் கலர்ல அடிக்கும். நுனியில மட்டும் எல்இடி சில்லு இருக்குற பல்பு நடுவுல ஒரு புள்ளியா எரியும், சுத்தி இருக்குற ரிஃப்ளெக்டர் இருட்டா கிடக்கும். பக்கவாட்டிலயும் சில்லு இருக்குறதை எடுங்க. முக்கியமா, பார்க் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் நல்லா தெரியணும். இழை பல்புல அது 5 வாட்டுக்கு 21 வாட். மலிவு எல்இடியில ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். ராத்திரி தொப்பூர் இறக்கத்துல நீங்க பிரேக் அடிச்சது பின்னாடி வர்ற லாரிக்காரருக்குத் தெரியவே தெரியாது.

இண்டிகேட்டரையும் எல்இடி ஆக்கினா, அதை விட்டு விட்டு எரிய வைக்கிற பழைய ஃப்ளாஷர் படபடன்னு அடிக்கும், இல்லைன்னா அடிக்காமலே நிக்கும். லோடு (பல்பு இழுக்குற கரண்ட்) குறைஞ்சதால அது பல்பு போச்சுன்னு நினைச்சுக்கும். அந்த லோடை ஈடுகட்ட கடையில 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் கொடுப்பாங்க. அது 2 ஆம்பியர் இழுத்து, தொட முடியாத அளவுக்குச் சுடும். ஃபைபர் பாடியில அதை ஒட்டி வைக்கிறது வம்பை விலைக்கு வாங்குறது. லோடைப் பார்க்காத எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் ஒண்ணு போட்டுடுங்க. நிமிஷத்துக்கு 60-ல இருந்து 120 தடவைக்குள்ள அடிச்சா சரி.

கேள்வி: தாத்தா வைத்திருந்த 1966-ஆம் வருட எம்ஜிபி (இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) இப்போது என்னிடம். பிரேக் லைட் சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதில்லை. ஆன்லைனில் வாங்கிய எல்இடி பல்புகளோ போட்டதிலிருந்தே எரியவில்லை. பல்பு டூப்ளிகேட்டா?
(வாசகர், தர்மபுரி)

பதில்: பல்பு நல்லதாவே இருக்கும் ஐயா. உங்க வண்டி பாசிட்டிவ் எர்த். எம்ஜிபி 1967 கடைசியில வந்த மார்க் 2-ல இருந்துதான் நெகட்டிவ் எர்த். அதுக்கு முந்தினதுல பாடிதான் பிளஸ். இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. பாசிட்டிவ் எர்த்துக்குன்னே செஞ்சது, இல்லைன்னா ரெண்டு திசையிலும் எரியுறது கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்க. வண்டியையே நெகட்டிவா மாத்துறேன்னு யாராவது சொன்னா, டைனமோவுக்கும் ஆர்பிஎம் மீட்டருக்கும் என்ன பண்ணப் போறீங்கன்னு முதல்ல கேளுங்க. பதில் வரலைன்னா காபி குடிச்சுட்டு கிளம்பிடுங்க.

பிரேக் லைட் விட்டு விட்டு எரியுறதுக்கு நான் முதல்ல பார்க்குறது ஸ்விட்ச். அது பெடல்ல இல்லை, பிரேக் ஆயில் லைன்ல இருக்கு, ஆயில் அழுத்தத்துல வேலை செய்யும். மெதுவா மிதிச்சா எரியாம, ஓங்கி மிதிச்சா எரியுதுன்னா அதுதான் ஆள். இக்னீஷனைப் போட்டுட்டு ஸ்விட்சோட ரெண்டு வயரையும் சேர்த்துத் தொடுங்க. லைட் எரிஞ்சா ஸ்விட்சை மாத்துங்க. ரெண்டு பல்பு சேர்ந்து 42 வாட், சுமார் மூன்றரை ஆம்பியர், அதுதான் உள்ளே காண்டாக்டைக் கருக்குது. புது ஸ்விட்ச் போடுறப்போ, அந்தக் கரண்டை ஸ்விட்ச்சுக்குப் பதிலா தாங்கிக்கிற ஒரு ரிலேயும் சேர்த்துடுங்க.

வயர் கலரை இங்கிலீஷ்காரன் ஒழுங்கா வெச்சிருக்கான். பச்சையில ஊதாக் கோடு பிரேக், சிவப்பு டெயில், பச்சையில சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில வெள்ளைக் கோடு வலது, கறுப்பு எர்த். புல்லட் மாதிரி முனையைக் குழாய்க்குள்ள சொருகின இணைப்பு ஒவ்வொண்ணையும் கழற்றித் தேய்ச்சு மாட்டுங்க. எதையும் வெட்டாதீங்க. அந்த வயரிங் முழுசா இருக்குறதுதான் தாத்தா கொடுத்த சொத்து.

கேள்வி: டெயில் லேம்ப் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் ஸ்போர்ட்ஸ் லுக் வருமா?
(வாசகர், பர்கூர்)

பதில்: வரும். பின்னாடி லாரியும் வரும். கிழிச்சுப் போடுங்க.

கேள்வி: என்னுடைய பழைய கான்டெஸாவில் பகலில் பிரேக் அடித்தால் மீட்டர் போர்டு லைட் எரிகிறது. நம்பர் பிளேட் லைட்டும் எரிகிறது. வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: காசை எடுக்காதீங்க. டிக்கியைத் திறந்து பிரேக் பல்பு ரெண்டையும் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்க. ரெண்டு புள்ளி இருக்க வேண்டிய இடத்துல ஒரு பெரிய புள்ளி இருந்தா, யாரோ டபுள் காண்டாக்ட் ஹோல்டர்ல சிங்கிள் காண்டாக்ட் பல்பை அமுக்கித் திருகியிருக்காங்க. அந்த ஒரு புள்ளி ரெண்டு வயரையும் சேர்த்துடுது. பிரேக் கரண்ட் டெயில் வயர்ல ஏறி, மீட்டர் போர்டு வரைக்கும் போயிடும். சரியான பல்புல பக்கத்து ரெண்டு பின்னும் ஒரே உயரத்துல இருக்காது, தப்பா மாட்டக் கூடாதுன்னுதான் அப்படி. 12 வோல்ட் 21/5 வாட்னு கேட்டு ரெண்டு வாங்கி, திணிக்காம மாட்டுங்க. திணிச்சதுல ஹோல்டர் காது வளைஞ்சிருந்தா அதையும் நிமிர்த்துங்க. அதுக்கப்புறமும் மீட்டர் லைட் எரிஞ்சா மட்டும் வண்டியைக் கடைக்குக் கொண்டாங்க. வியாழக்கிழமை வேண்டாம், அன்னிக்கு நான் சந்தைக்குப் போயிடுவேன்.