வெள்ளத்தில் போனது 3.60 லட்சம், சர்வேயர் சொல்வது ஒன்றரை லட்சம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூரில் சொந்த வீடு. போன மாத மழையில் மூன்று அடிக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, மெத்தை, சமையலறை அலமாரி எல்லாம் போச்சு. நாற்றம் தாங்காமல் மெத்தையையும் சோபாவையும் தூக்கிப் போட்டுவிட்டோம். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி மூலம் எடுத்த இன்சூரன்ஸ் இருக்கிறது, கட்டடத்துக்கு 24 லட்சம். எங்கள் கணக்கில் நஷ்டம் 3.60 லட்சம். நஷ்டத்தைக் கணக்கிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயரோ ஒன்றரை லட்சம்தான் தேறும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போடலாமா? - ஒரு வாசகி

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அம்மா. அந்த ஒன்றரை லட்சம் எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற கணக்கு முதலில் உங்கள் கைக்கு வரட்டும். சர்வே அறிக்கையின் நகல் வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். தேய்மானம், அதாவது பொருள் பழசானதற்காக மதிப்பில் ஒரு பகுதி, கழித்திருந்தால், பாலிசியின் எந்த விதிப்படி கழித்தார்கள் என்றும் அதிலேயே கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன தொகையை எதிர்த்து வாதாட முடியாது. எழுத்தில் இருந்தால்தான் எங்கே குறைத்தார்கள் என்று தெரியும்.

அடுத்து, பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்று பெயர் இருக்கிறதா? 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்குக் கொடுக்க வேண்டிய பாலிசி இது. வெள்ளமும் புயலும் இதிலேயே அடக்கம். பலருக்குத் தெரியாத விஷயம், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே கவர் உண்டு. உங்கள் 24 லட்சத்துக்கு அது 4.80 லட்சம். கட்டடம் மட்டும் போதும் என்று பாலிசி எடுக்கும்போதே விலகியிருந்தால்தான் இது கிடைக்காது. அந்த ஃபாரத்தை நிரப்பியது வங்கியில் யாரோ, நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டிருப்பீர்கள். அதனால் எதற்கெல்லாம் எவ்வளவு கவர் என்று போட்டிருக்கும் பாலிசி அட்டவணையை வரிவரியாகப் படியுங்கள். நகை, ரொக்கம், வண்டி இவையெல்லாம் இந்தப் பொருள் கணக்கில் வராது. வண்டிக்கு அதன் சொந்த பாலிசிதான்.

சமையலறை அலமாரி சுவரோடு சேர்த்து அடித்ததா? அப்படியானால் அது கட்டடத்தின் பகுதி. பொருட்களோடு சேர்த்துக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தண்ணீரில் ஊறிய பிளைவுட்டை வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழ்க் கதவைத் திறந்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள், ஏடு ஏடாகப் பிரியும். அதைப் பக்கத்தில் போய் வீடியோ எடுத்து, ஒரு தச்சரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி அனுப்புங்கள்.

தூக்கிப் போட்ட சோபாவும் மெத்தையும்தான் கொஞ்சம் சிரமம். பொருளை நேரில் பார்க்காதவர் அதற்குப் பணம் போடத் தயங்குவார். ஆனால் கைவிட வேண்டாம். தண்ணீர் நின்றபோது சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோக்களைத் தேடுங்கள். போன பொங்கலுக்கு வீட்டில் எடுத்த போட்டோவில் சோபா இருந்தால்கூட உதவும். பில் தொலைந்திருந்தால் வாங்கிய கடையில் உங்கள் செல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், பெரிய கடைகளில் பழைய பில் எடுத்துத் தருவார்கள். ஃப்ரிட்ஜையும் மெஷினையும் ஓடுகிறதா என்று நீங்களே சுவிட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். சர்வீஸ் சென்டர் ஆளை வரவழைத்து, சீரியல் நம்பர் போட்டு அறிக்கை வாங்குங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து, மறு ஆய்வு வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதுங்கள். அவசரத்துக்குப் பணம் தேவை, அந்த ஒன்றரை லட்சத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 'முழுத் தீர்வாக ஏற்கவில்லை, மீதிக்கு உரிமை கோருகிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்கைப் பார்ப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஒன்று கேட்க மறந்துவிடாதீர்கள். வங்கிக்கு அடமானத்தில் இருக்கும் வீடு என்பதால், கிளைம் தொகை நேராகக் கடன் கணக்குக்குப் போக வாய்ப்பு உண்டு. ரிப்பேருக்கு வைத்திருந்த பணம் அசலில் கழிந்துவிட்டால் சிக்கல். இப்போதே கிளை மேலாளரைப் பார்த்து, தொகையை உங்கள் சேமிப்புக் கணக்கில் போட ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கேளுங்கள்.

அப்புறம், சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறதா? டேப் வைத்து உயரம் தெரியும்படி ஒவ்வொரு அறையிலும் போட்டோ எடுத்துவிடுங்கள். மறு ஆய்வு முடியும்வரை பெயின்டர் வர வேண்டாம்.