பார்ப்பவருக்கு எது எப்போது தெரிய வேண்டும்?

கேள்வி: "நல்ல கதைதான், ஆனால் சொன்ன விதம் சரியில்லை" என்று படங்களையும் தொடர்களையும் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். கதை வேறு, சொல்லும் விதம் வேறா? கருவுக்கும் பாத்திரங்களுக்கும் அதோடு என்ன தொடர்பு?

சில வருடங்கள் சப்டைட்டில் எழுதும் வேலை பார்த்திருக்கிறேன். இதற்கான பதிலை அங்கேதான் கற்றுக்கொண்டேன், அதுவும் நான் செய்த ஒரு தவறிலிருந்து.

நான் சப்டைட்டில் எழுதிய ஒரு காட்சி: மருத்துவமனையில் ஒரு தாய் காத்திருக்கிறாள். மருத்துவர் வெளியே வந்து "உங்க பையன்..." என்று ஆரம்பிக்கிறார். அவள் முகத்தைப் பார்க்கிறார், மூச்சு விடுகிறார், அப்புறம்தான் "பிழைச்சுட்டான்" என்கிறார். நடுவில் இரண்டு விநாடி இருக்கும். நான் இரண்டு துண்டையும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டுவிட்டேன். மருத்துவர் வாயைத் திறந்தவுடனே பையன் பிழைத்துக்கொண்டான் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாய்க்கோ இன்னும் தெரியாது. அவள் உயிர் போய் உயிர் வருகிற அந்த இரண்டு விநாடியை, பார்ப்பவர் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்திருப்பார். வசனத்தில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை, ஆனால் காட்சி செத்துவிட்டது. சரிபார்த்தவர் திருப்பி அனுப்பினார். வரியை இரண்டாகப் பிரித்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

என்னைக் கேட்டால், சொல்லும் விதம் என்பது பெரும்பாலும் இதுதான்: யாருக்கு, எது, எப்போது தெரிய வேண்டும் என்ற முடிவு. பாத்திரத்துக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியுமா, கூடுதலாகத் தெரியுமா, குறைவாகத் தெரியுமா? கேமரா கோணம், எடிட்டிங், ஃப்ளாஷ்பேக் எல்லாமே இந்த முடிவுக்காக வேலை செய்பவை. கரு என்று நாம் பிறகு பேசுவதும் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கிறது. இதை உதாரணத்தோடுதான் விளக்க முடியும். அதற்காகச் சில படங்களின் முக்கியமான திருப்பங்களை இங்கே உடைத்துச் சொல்கிறேன்.

1970-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கொலம்போ' துப்பறியும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லா எபிசோடிலும் கொலை நம் கண் முன்னால் நடக்கும். கொலைகாரர் யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கசங்கிய கோட்டு போட்ட அந்தப் போலீஸ் அதிகாரி உள்ளே வருவார். கொலை செய்தவர் பெரும்பாலும் பணக்காரர், படித்தவர், பேர் பெற்றவர். 'யார்' என்ற கேள்வியை எடுத்துவிட்டதால், அந்தப் பெரிய மனிதர் இந்தச் சாதாரண ஆளை எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்க்கிற வேலைதான் நமக்கு மிஞ்சுகிறது. முதலில் இளக்காரம், அப்புறம் எரிச்சல், கடைசியில் பயம். இதே கதையைக் கொலைகாரரை மறைத்துச் சொல்லியிருந்தால், யார் யார் எங்கே இருந்தார்கள் என்று கணக்குப் போடுவதிலேயே நம் கவனம் போயிருக்கும். வர்க்கத் திமிரைப் பற்றிய கதையாக அது ஆகியிருக்காது.

ஜீத்து ஜோசப்பின் 'பாபநாசம்' (2015) இதை இன்னொரு மடங்கு திருப்புகிறது. அவருடைய மலையாளப் படமான 'த்ரிஷ்யம்' (2013) தமிழில் இப்படி வந்தது. அங்கேயும் கொலை நம் கண் முன்னால்தான் நடக்கிறது. எல்லாம் நமக்குத் தெரியும், போலீசுக்குத்தான் தெரியாது என்ற நினைப்பில் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருப்போம். ஆனால் உடல் எங்கே என்ற ஒன்று மட்டும் கடைசி வரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கதாநாயகன் படம் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்ட ஒரு கேபிள் டிவிக்காரர். சாட்சிகள் மனதில் ஒரு தேதியை மாற்றிப் பதிய வைக்கிறார். அவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் பார்த்ததாக நினைக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்கிறார். ஓர் இயக்குநர் நம்மிடம் செய்வதைத்தான் அவர் அவர்களிடம் செய்கிறார்.

இனி '12 ஆங்ரி மென்'. ரெஜினால்ட் ரோஸ் எழுதி 1954-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலை நாடகமாக வந்தது. 1957-ல் சிட்னி லூமெட் படமாக எடுத்தார். தந்தையைக் கொன்றதாக ஒரு பையன் மீது வழக்கு. 12 ஜூரிகள், அதாவது தீர்ப்பு சொல்ல அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள், ஓர் அறைக்குள் அடைபட்டுப் பேசி முடிவெடுக்க வேண்டும். முதல் வாக்கெடுப்பில் 11 பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். சில நிமிடங்களைத் தவிர முழுப் படமும் அந்த ஓர் அறைதான்.

அந்த அறையை லூமெட் படமாக்கிய விதத்தை அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நடுப்பகுதியில் கண் மட்டத்துக்கு வருகிறது. கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே இறங்குகிறது. அதனால் முடிவு நெருங்க நெருங்க சுவர்களோடு மேற்கூரையும் கண்ணில் பட ஆரம்பிக்கிறது. லென்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகிறார். பின்னால் இருக்கிற சுவர் நகர்ந்து வந்து முதுகில் ஒட்டிக்கொள்வது போல் ஆகிவிடுகிறது. நான் முதல் தடவை பார்த்தபோது இது எதுவுமே தெரியவில்லை. ஆனால் பாதிப் படத்துக்கு மேல் எனக்கே புழுங்கியது, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். மேலிருந்து பார்க்கும்போது அந்த மனிதர்கள் ஒரு கூட்டம். கீழிருந்து பார்க்கும்போது ஒவ்வொருவரும் தன் கோபத்தோடும் வெறுப்போடும் தனியாக நிற்கிறார்கள். 'முன்முடிவோடு தீர்ப்பு சொல்லாதே' என்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டிய தேவையே வரவில்லை.

அதைவிடப் பெரிய முடிவு ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. பையன் உண்மையிலேயே கொன்றானா இல்லையா என்பது நமக்குக் கடைசி வரை தெரியாது. கொலை நடந்த இரவை ஒரே ஒரு ஃப்ளாஷ்பேக்கில் காட்டியிருந்தால் போதும், படம் அங்கேயே விழுந்திருக்கும். சந்தேகத்தின் மேல் நிற்கிற படம் அது. நமக்கும் சந்தேகம் இருந்தால்தான் அந்த 12 பேரோடு நாமும் அந்த மேஜையில் உட்கார முடியும்.

ஒரே சம்பவத்தைப் பலர் வாயால் சொல்லும் உத்தியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) என்பார்கள். அதில் பலருக்கும் தப்பிவிடுகிற ஒன்றைச் சொல்கிறேன். சாதாரணக் கொலைக் கதையில் ஆட்கள் பொய் சொல்வது தப்பிப்பதற்காக. இங்கே செத்தவன் ஒரு சாமுராய், அதாவது ஜப்பானியப் போர்வீரன். கொள்ளைக்காரன், நான்தான் கொன்றேன் என்கிறான். மனைவியோ, குத்துவாள் தன் கையில் இருந்தது, மயங்கி விழுந்தேன், எழுந்தபோது அது கணவன் நெஞ்சில் இருந்தது என்கிறாள். செத்துப்போன சாமுராய் ஆவியாக வந்து, நானே குத்திக்கொண்டேன் என்கிறான். மூன்று பேரும் கொலையைத் தங்கள் பக்கம்தான் இழுத்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்தப் பொய்கள் தண்டனைக்குப் பயந்து வந்தவை அல்ல, தன்னைப் பற்றித் தனக்கே இருக்கிற மதிப்பு குலையக் கூடாது என்று வந்தவை. கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) இரண்டே கதைகளை வைத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறது. சிறையில் இருக்கும் இருவர் கதை சொல்கிறார்கள். கொத்தாளத் தேவர் சொல்வது முதலில் வருகிறது, தூக்குத்தண்டனைக் கைதியான விருமாண்டி சொல்வது பின்னால் வருகிறது. முதலில் கேட்டதை நாம் நம்பிவிடுகிறோம், அப்புறம் வெட்கப்படுகிறோம். வரிசையை மாற்றியிருந்தால் தூக்குத்தண்டனை பற்றிய கேள்வி இவ்வளவு கனமாக நம் மேல் இறங்கியிருக்காது. உத்தி ஒன்றுதான், ஆனால் இரண்டு படங்களும் பேசுவது வேறு வேறு.

தொடர்களுக்கு வருகிறேன். படத்திடம் இல்லாத ஒன்று தொடரிடம் இருக்கிறது: காலம். 'பிரேக்கிங் பேட்' (2008-2013) ஐந்து சீசன், 62 எபிசோடு. இரண்டாவது சீசனில் ஒரு காட்சி. ஜெஸ்ஸியும் அவன் காதலி ஜேனும் போதை மயக்கத்தில் படுத்திருக்கிறார்கள். ஜேனுக்குத் தூக்கத்திலேயே வாந்தி வந்து மூச்சு அடைக்கிறது. ஜெஸ்ஸியோடு சேர்ந்து போதைப்பொருள் தயாரிக்கும் கதாநாயகன் வால்டர் பக்கத்தில்தான் நிற்கிறார். உதவப் போனவர், ஒரு நொடியில் நின்றுவிடுகிறார். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கேமரா வால்டரின் முகத்தை விடுவதில்லை. அழுகை வருகிறது, வாயைக் கையால் பொத்துகிறார், கொஞ்ச நேரத்தில் முகம் இறுகிவிடுகிறது.

இந்த விஷயம் அவருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். அவராகவே ஜெஸ்ஸியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது கடைசி சீசனில். வாராவாரம் பார்த்தவர்களுக்கு நடுவில் நான்கு வருடங்கள் ஓடியிருந்தன. அவ்வளவு நாளும், ஜெஸ்ஸி அவரை நம்பிப் பேசுகிற ஒவ்வொரு காட்சியிலும் நாம் ஒரு ரகசியத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மனிதர் படிப்படியாகக் கெட்டுப்போகும் கதை என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அது நம்மையும் உடந்தையாக்கிய கதை. இரண்டரை மணி நேரத்தில் இந்தப் பாரத்தை ஏற்றிவிட முடியாது.

நான்கே எபிசோடில் முடிந்த 'அடொலசன்ஸ்' (2025) தொடரையும் சொல்லியாக வேண்டும். கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாக 13 வயதுப் பையன் கைதாகிறான். முதல் எபிசோடின் முடிவிலேயே சிசிடிவி காட்சி எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. மிச்சம் மூன்றும் 'ஏன்' என்ற கேள்விதான். ஒவ்வொரு எபிசோடும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். அதை வெறும் சாகசம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெட்டு இருந்தால் நாம் பார்க்க முடியாத இடத்திலிருந்து கேமரா நம்மைக் காப்பாற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும். இங்கே பையனின் தந்தை அந்த சிசிடிவி காட்சியைத் திரையில் பார்க்கும்போது, நமக்கும் அந்த அறையை விட்டு வெளியேற வழியில்லை.

"சொன்ன விதம் சரியில்லை" என்று எழுதுகிறவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் உணர்ந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஒன்று, பாத்திரமே வாயைத் திறந்து கருவைச் சொல்லிவிடுகிறது, நாமாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. மற்றது, அதிர்ச்சிக்காக மட்டுமே ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள், அது வெளிவந்த பிறகு முன்னால் பார்த்த காட்சிகளுக்குப் புதிதாக எந்த அர்த்தமும் கிடைப்பதில்லை. இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. நல்ல மறைப்பு என்றால், திரும்பப் பார்க்கும்போது பழைய காட்சியே வேறாகத் தெரிய வேண்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்க '12 ஆங்ரி மென்' போதும். ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். அடுத்த தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, மேற்கூரை எப்போது முதலில் கண்ணில் படுகிறது என்று தேடுங்கள். கடைசிக் காட்சிக்கு மட்டும் சத்தத்தைத் திரும்ப வையுங்கள். நீதிமன்றப் படிக்கட்டில் இரண்டு ஜூரிகள் நின்று, உங்கள் பெயர் என்ன என்று கேட்டுக்கொள்கிறார்கள். அதுவரை அந்த 12 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.